சின்னப் பிள்ளையின் பிறந்தநாளை எங்கே வைப்பது? மட்டக்களப்புப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மூத்த மகளின் முதலாவது பிறந்தநாள் அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மூன்று தட்டுக் கேக், பின்னால் பலூன் வளைவு, இரண்டு பக்கமும் பட்டுச்சேலையில் அம்மம்மாவும் அப்பம்மாவும். நடுவில் என் தோளில் முகம் புதைத்து நித்திரை கொள்ளும் பிள்ளை. கத்தியை அவள் கைக்குள் வைத்து, அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக் கேக்கை வெட்டியது நான்தான். முந்நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் எழுபது பேர் இருந்தோம். மேடைக்குப் பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கி இரண்டு. முதல் பாட்டு வெடித்ததும் அவள் அழத் தொடங்கினாள். அரை மணி நேரம் அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். மண்டபக்காரர் மேல் பெரிய குறை சொல்ல முடியாது. அவர் கல்யாணத்துக்குக் கட்டிய மண்டபத்தை நான் ஒரு வயதுப் பிள்ளைக்காகப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு மகனுக்கும் சகோதரிகளின் பிள்ளைகளுக்குமாக இடம் தேடி அலைந்ததில் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

முதலாவது: யாருக்கு இந்த விழா என்று தீர்மானியுங்கள்

மண்டபத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள், வலப்பக்கம் பெரியவர்களின் பெயர்கள். முதலாவது பிறந்தநாளில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் நீளும். பேறுகாலத்தில் வைத்தியசாலைக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுவந்த மாமி, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சித்தப்பா என்று ஒருவரையும் விட முடியாது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது பெரியவர்களின் விருந்து. பிள்ளைகளின் விளையாட்டையும் பெரியவர்களின் விருந்தையும் ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில் வைக்கும்போதுதான் இரண்டுமே கெடுகின்றன.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். நட்சத்திரம் வரும் நாளில் காலையில் மாமாங்கேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை, மதியம் உறவினருக்குச் சோறு. ஆங்கிலத் திகதிக்குக் கிட்டிய சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளுக்கு மட்டும் கேக்கும் விளையாட்டும். நட்சத்திரமும் திகதியும் ஒரே நாளில் வருவது அரிது என்பதால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. செலவு கூடும் என்று நினைப்பீர்கள், கூடவில்லை. இரண்டுக்கும் பெரிய மண்டபம் தேவைப்படாது.

இரண்டாவது: இடத்துக்கு முன் நேரத்தைப் பிடியுங்கள்

பலர் மண்டபம் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று கேட்டு, அதற்குள் பிள்ளையைத் திணிக்கிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை மதியம் தூங்கும். பன்னிரண்டரைக்கும் மூன்று மணிக்கும் இடையில் எந்த விழாவும் வேண்டாம். தூங்கி எழுந்து, பால் குடித்து, உடுப்பு மாற்றி மூன்றரை மணிக்கு வெளிக்கிட்டால் பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மூன்று வயதுக்கு இரண்டு, ஐந்தாறு வயதுக்கு இரண்டரை. அதற்கு மேல் நீண்டால் அழுகையும் அடிபிடியும்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. நாம் கேக் வெட்ட நினைக்கும் நேரம் அதேதான். நீங்கள் பார்ப்பதில்லை என்றாலும் அப்பம்மா பார்ப்பார். மெழுகுதிரியைக் கொளுத்திய பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுழித்தால் அந்த மாலை முழுவதும் அதே பேச்சு. ஞாயிறுதான் வசதி என்றால் நாலே காலுக்குள் கேக்கை வெட்டிவிட்டு, விளையாட்டைப் பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமைக்கு மாறுங்கள். அன்று ராகுகாலம் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்தரையோடு முடிந்துவிடும்.

ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருக்கும். முஸ்லிம் நண்பர்களை அழைத்தால் வெள்ளி மதியத்தை விடுங்கள். சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகை என்பதால் அதற்கு முன் முடியும்படி வைத்தால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நோன்பு மாதம் எப்போது என்று நாட்காட்டியில் ஒருமுறை பாருங்கள். போயா தினம் விடுமுறை என்பதால் வசதியாகத் தெரியும், ஆனால் அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு.

மூன்றாவது: மாதத்தைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பிறந்த பிள்ளை என்றால் கூரை இல்லாத இடத்தை யோசிக்கவே வேண்டாம். நமக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை நேரில் கண்ட என் அம்மம்மா, நவம்பரில் எவராவது முற்றத்தில் பந்தல் போடப்போவதாகச் சொன்னால் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்ப்பார். கூரை இருந்தாலும் போதாது, பாதையும் இருக்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உறவினர் படகுப்பாதைக்குக் காத்திருப்பதில்லை என்பது உண்மைதான்; ஆனாலும் வெள்ளம் ஏறினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் உள்வீதிகள் மூழ்கிவிடும். பாதி விருந்தாளிகள் அங்கிருந்து வருவதானால் மழைக்கால விழாவை இரண்டு கிழமை தள்ளிவைப்பதே மேல். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திகதி தெரியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிரச்சினை வேறு. கச்சான் காற்று. மேற்கிலிருந்து வரட்சியாகவும் சூடாகவும் அடிக்கும் அந்தக் காற்றில் வெளியில் மெழுகுதிரி நிற்காது, கடதாசித் தட்டு பறக்கும், வெயில் பட்ட பலூன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். பட்டர் ஐசிங் போட்ட கேக்கை அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் மேசையில் வைத்தால் ரோசாப்பூக்கள் வழுகி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். குளிரூட்டி இல்லாத இடம் என்றால் கேக்கைக் கடைசி நேரத்தில் கொண்டுவர ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

பெப்ரவரி முதல் மே வரை நமக்கு நல்ல காலம். ஏப்ரலில் மட்டும் பின்னேர இடிமழையை எதிர்பாருங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஆறேகால் தாண்டியும் வெளிச்சம் நிற்கும். மம்மல் நேரத்தில் நுளம்பு படையெடுக்கும். டெங்கு பரப்பும் நுளம்பு பகலிலேயே, குறிப்பாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். தேங்காய்ச் சிரட்டையும் தண்ணீர் தேங்கிய டயரும் கிடக்கும் இடத்தை வாசலிலேயே தவிர்த்துவிடுங்கள்.

நான்காவது: இடங்களை ஒவ்வொன்றாக எடை போடுங்கள்

சொந்த வளவு. என் முதல் தெரிவு இதுதான். நம்மூரில் பெரும்பாலும் பெண் தன் சீதன வீட்டில் இருப்பாள். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்து வளவில் இருப்பார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள கதவைத் திறந்துவிட்டால் சமையல் ஒரு பக்கம், விளையாட்டு மறுபக்கம். பிள்ளைக்குப் பழகிய இடம், தூங்க அதன் சொந்தத் தொட்டில், எந்நேரமும் போகக்கூடிய மலசலகூடம். மகனின் இரண்டாவது பிறந்தநாளை அங்கேதான் வைத்தோம். அவன் கேக்கைவிட மணல் குவியலைத்தான் அதிகம் விரும்பினான். ஒன்பது பிள்ளைகள், ஒரு குவியல் ஆற்றுமணல், பழைய தேங்காய்ச் சிரட்டைகள், இரண்டு வாளி. வாடகைக்கு எடுத்த துள்ளல் மெத்தையில் ஏற ஆளில்லை.

ஆனால் வளவுக்கும் பரிசோதனை உண்டு, பழகிய இடம் என்பதால் நம் கண்ணில் படாதவை அங்கே இருக்கும். முதலில் கிணறு. கட்டு தாழ்ந்த கிணறு என்றால் பலகையோ வலையோ போட்டு மூடி, அதன் மேல் பாரம் வையுங்கள். அடுத்தது தென்னை. விழாவுக்கு முந்தைய நாள் மரம் ஏறுபவரை அழைத்து முற்றிய தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குங்கள். பந்தலைத் தென்னைக்குக் கீழே போடவே போடாதீர்கள். படங்குத் துணி தேங்காயைத் தாங்காது. நாய் இருந்தால் பக்கத்து வீட்டில் கட்டுங்கள். வீதிப் படலைக்கு ஒருவரை நிறுத்துங்கள்.

கல்யாண மண்டபம். நூறு பேருக்கு மேல் என்றால் வேறு வழி இல்லை. மழைக்கும் இதுவே பாதுகாப்பு. பெரிய மண்டபத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தத் திரையால் மறிக்க முடியுமா என்று கேளுங்கள். மேடையை விட்டுவிட்டுக் கேக் மேசையைத் தரையிலேயே வையுங்கள். மேடையில் ஏற்றிய பிள்ளைக்குத் தெரிவது கைபேசிகளைத் தூக்கிப் பிடித்த அந்நியர் கூட்டம் மட்டும்தான்.

கோயில் மண்டபம், தேவாலய மண்டபம், பொதுக் கட்டடம். வாடகை குறைவு, காற்றோட்டம் நன்றாக இருக்கும். கோயில் மண்டபத்தில் மச்சம் (மீன், இறைச்சி) கூடாது; முட்டை சேர்த்த கேக்குக்கும் தடை இருக்கலாம், முதலிலேயே நிர்வாகத்தினரிடம் கேளுங்கள். திருவிழாக் காலத்தில் கிடைக்காது. ஊரில் துக்க நிகழ்வு நேர்ந்தால் பொதுக் கட்டடத்தை அதற்குக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் மறுக்கவும் முடியாது. அதனால் மாற்று இடம் ஒன்றைக் கைவசம் வையுங்கள்.

உணவகத்தின் மேல்மாடி. இருபது பேருக்குள் என்றால் நல்லது. குளிர் இருக்கும், சமையல் வேலை இல்லை. பிள்ளை ஓட இடமிருக்காது, படிக்கட்டு இருக்கும். படிக்கட்டின் தலைப்பில் கதவு இல்லாவிட்டால் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த இடம் சரிவராது.

கடற்கரையும் வாவிக்கரையும். படம் அழகாக வரும் என்பதால் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் காற்று இதமாக இருக்கும். ஆனால் அலை இழுக்கும், சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், கையில் கைபேசி இல்லாமல், தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் முழு நேரமும் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளை மூழ்கும்போது கூச்சல் வராது, சத்தமில்லாமல் நடந்துவிடும். பாசிக்குடா ஆழமற்ற குடா, கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வானில் போய் வருவதற்குள் சின்னதுகள் களைத்துவிடும். வாவியோரப் புல்வெளி என்றால் கைப்பிடி வேலி இருக்கிறதா என்று பாருங்கள். வாவியில் முதலையும் உண்டு, மறக்க வேண்டாம். நகருக்குள் இருக்கும் காந்திப் பூங்கா பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு கேக் பகிர்ந்து ஓடி விளையாட நல்ல இடம். அலங்காரம் செய்வதானால் மாநகர சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிறந்தநாள் டிசம்பர் 26ஐ ஒட்டி வந்தால் கடற்கரையை விடுங்கள். 2004 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் உங்கள் அழைப்புப் பட்டியலிலேயே இருக்கலாம்.

முன்பள்ளி. ஆசிரியை சம்மதித்தால் நாலைந்து வயதுக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. சின்னக் கதிரை, சின்ன மேசை, சின்ன மலசலகூடம் எல்லாம் தயாராக இருக்கும்.

ஐந்தாவது: அதே நேரத்தில் போய், குந்தியிருந்து பாருங்கள்

இரண்டு மூன்று இடங்கள் தேறியதும் நேரில் போங்கள். விழா பின்னேரம் நாலு மணிக்கு என்றால் பின்னேரம் நாலு மணிக்கே போங்கள். காலை பத்து மணிக்குக் குளுகுளுவென்று இருந்த மண்டபத்தின் மேற்கு யன்னல்களால் நாலு மணி வெயில் நேரே கேக் மேசையில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனதும் ஒரு வேலை செய்யுங்கள். மண்டபத்தின் நடுவில் குந்தியிருங்கள். உங்கள் கண் இப்போது பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கிறது. நின்றபோது தெரியாதவை இப்போது தெரியும். சுவரின் அடியில் மூடியில்லாத மின்செருகி. மேசை விரிப்பின் தொங்கும் நுனி, அதைப் பிடித்து இழுத்தால் கேக்கே வரும். நிலவிசிறியின் கூட்டில் சின்ன விரல் நுழையும் இடைவெளி. கதிரை அடுக்கு, ஒன்று சரிந்தால் பத்தும் சரியும். தரையில் ஓடு மினுங்குகிறதே என்று சந்தோசப்படாதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிச் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். மண்டபக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். என்னையும் பார்த்தார்கள். பிறகு அவர்களே அந்த மின்செருகிக்கு மூடி போட்டார்கள்.

அடுத்து மலசலகூடம். விழா மண்டபத்திலிருந்து எத்தனை அடி? மூன்று வயதுப் பிள்ளை “அம்மா, சிறுநீர்” என்று சொன்ன பிறகு நமக்கு ஒரு நிமிடம்தான் இருக்கும். கை கழுவும் தொட்டி பிள்ளைக்கு எட்டுமா, இல்லாவிட்டால் ஒரு பலகை வைக்கலாமா என்றும் பாருங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும் உடுப்பு மாற்றவும் விசிறியோடு ஓர் அறை இருக்க வேண்டும். மணமகள் அறை என்று மண்டபத்தில் ஒன்று இருக்கும். அதன் திறப்பை அன்று உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.

மின்சாரம். 2022இல் மணிக்கணக்கில் இருளில் இருந்த நமக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. மின்பிறப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “இப்போது ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். இயங்கினால் எவை எவை அதில் ஓடும் என்றும் கேளுங்கள். விளக்கு மட்டும் எரிந்து விசிறி நின்றுவிடும் மண்டபங்கள் உண்டு.

ஒலிபெருக்கியை மேடையிலிருந்து இறக்கி ஒரு மூலையில் வைக்க முடியுமா, சத்தத்தைக் கட்டுப்படுத்துவது யார் கையில் என்று தெளிவாக்குங்கள். கை தட்டிப் பாருங்கள்; எதிரொலி நீண்டால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல் அங்கே எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். வெளியில் ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதி தேவை.

பிள்ளைகள் ஓட வெறுமையான இடம் எவ்வளவு? பதினைந்து பிள்ளைகளுக்கு இருபதடிக்கு இருபதடி என்பது என் கணக்கு. மேசை கதிரை போட்ட பிறகு மிஞ்சும் இடத்தை அளக்க வேண்டும், வெறும் மண்டபத்தை அல்ல.

ஆறாவது: காசைப் பேசுங்கள், எழுதி வாங்குங்கள்

சொல்லப்படும் வாடகை ஒருபோதும் முழு வாடகை அல்ல. மின்சாரம் அலகுக் கணக்கா, மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் யார் பொறுப்பு, துப்புரவுக்குத் தனிக் காசா, கதிரை விரிப்பு சேர்த்தியா, வெளியிலிருந்து சாப்பாடோ கேக்கோ கொண்டுவந்தால் கட்டணமா, அலங்கரிப்பவர் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, திகதி மாறினால் முற்பணம் என்னவாகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒருமுறை, அன்று காலையில் வேறொரு நிகழ்வு இருப்பதை எங்களிடம் சொல்லாமல் விட்டார்கள். எங்கள் அலங்கரிப்பாளர் வாசலில் பலூன் மூட்டையோடு இரண்டு மணி நேரம் நின்றார். இப்போது பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலேயே “உள்நுழைவு பகல் 12 மணி” என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன்.

ஏழாவது: சாப்பாடும் அலங்காரமும் இடத்தோடு பொருந்த வேண்டும்

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் நண்பர்கள் வருவதானால் ஹலால் சமையல்காரரைப் பிடியுங்கள். எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடலாம். மரக்கறிக்காரருக்கு வேறு மேசை, வேறு கரண்டி. பட்டிஸும் ரோல்ஸும் பெரியவர்களுக்கு. சின்னதுகளுக்கு மிளகாய் போடாத கட்லட், வாழைப்பழம், இடியப்பமும் சொதியும் போதும். கச்சான் கடலை, முழு முந்திரிப்பழம் (திராட்சை), கடின இனிப்பு ஆகியவற்றை நான்கு வயதுக்குட்பட்டவர்களின் கைக்கெட்டும் மேசையில் வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

வெடித்த பலூன் துண்டும் அப்படித்தான். ஒருவரை அதற்கென்றே நியமித்து உடனுக்குடன் பொறுக்கச் சொல்லுங்கள். மேலே மிதக்கும் பலூனுக்கு எந்த வாயு நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஹீலியம் எரியாது, மலிவென்று ஹைட்ரஜன் நிரப்பியிருந்தால் மெழுகுதிரிச் சுடர் பட்ட கணத்தில் தீப்பிடிக்கும். பனிபோல் நுரை தெளிக்கும் டப்பாக்களைக் கேக் மேசைக்கு அருகில் அனுமதிக்கவே வேண்டாம், அவையும் சுடரில் பற்றும்.

வளவில் விழா என்றால் கேக் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளுக்குள் வையுங்கள். எறும்பு ஏறாது.

எட்டாவது: கடைசி நாள்

முந்தைய நாள் பிள்ளையை அந்த இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். பத்து நிமிடம் ஓடித் திரியட்டும். பெரிய மண்டபத்துக்குப் பயந்த என் மகள், நாலாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அங்கே போய்த் தன் காலணிச் சத்தத்தின் எதிரொலியோடு விளையாடிவிட்டு வந்தாள். மறுநாள் வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனது அவள்தான்.

படலைக்கு ஒருவர், தண்ணீர்ப் பக்கத்துக்கு ஒருவர், மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக ஒருவர் என்று மூன்று பெரியவர்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள். “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் எவரும் பார்க்கமாட்டார்கள். கைப்பையில் மாற்றுடுப்பு இரண்டு, ஈரத்துணி, காய்ச்சல் மருந்து, பிள்ளையின் தூக்கத் துணி, ஓட்டோக்காரரின் இலக்கம். கூடவே ஒரு கத்தியும் தீப்பெட்டியும். சென்ற முறை இரண்டையும் மறந்து, மெழுகுதிரியைப் பக்கத்துக் கோயில் விளக்கில் கொளுத்தி, கேக்கைச் சோற்றுக் கரண்டியால் வெட்டினோம்.